வயதான முயலை விட்டுவிட்டு ஊருக்குப் போகும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊருக்குப் போகிறவர்களின் முயல்களைச் சென்னையில் என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். பொங்கல், கோடை விடுமுறை, தீபாவளி என்று வந்துவிட்டால் போன் ஓயாது. குட்டியாக இருந்தபோது பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போன முயல் இப்போது கிழமாகிவிட்டது, மூட்டுவலிக்கு மருந்து குடிக்கிறது, ஒரு கண் மங்கிவிட்டது, இனி எப்படி விட்டுப் போவது என்று கேட்கிறார்கள். அவர்களுக்குப் போனில் சொல்வதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். கிழ முயலுக்கு குளுகுளு அறையும் பெரிய கூண்டும் தேவைதான். அவற்றைவிடத் தேவை, அது சாப்பாட்டை நிறுத்தினால் அரை நாளுக்குள் கண்டுபிடித்துவிடும் ஓர் ஆள். அந்த ஆளை எப்படித் தேடுவது, அவருக்கு என்னென்ன சொல்லிக்கொடுப்பது என்பதுதான் கீழே இருப்பது.

எந்த வயதிலிருந்து முயலைக் கிழம் என்று சொல்லலாம்?

வீட்டுக்குள் நன்றாக வளரும் முயல் 8 முதல் 12 வருடம் வரை இருக்கும். 6 வயதைத் தாண்டினால் வயதானதாகவே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய இனங்களுக்கு முதுமை இன்னும் சீக்கிரம் வரும். ஆனால் வயதை மட்டும் பார்த்தால் போதாது. சோபாவில் தாவி ஏறியது இப்போது ஏறுவதில்லை, டிரேக்குள் போகாமல் அதன் ஓரத்திலேயே சிறுநீர் கழிக்கிறது, முதுகைத் தடவினால் எலும்பு கையில் படுகிறது, பின்பக்கத்து முடி சிக்குப் பிடித்துக் கிடக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும், வேறொருவரிடம் விட்டுப் போகும்போது கிழ முயலுக்கான கவனம் வேண்டும்.

நாலு நாள்தானே, தீனியும் தண்ணீரும் நிறைய வைத்துவிட்டுப் போகலாமா?

கூடாது. ஒரு இரவுகூடக் கூடாது என்பேன்.

முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நாள் முழுக்க நார்ச்சத்துள்ள புல் உள்ளே போய்க்கொண்டிருந்தால்தான் அது ஓடும். பல்வலி, மூட்டுவலி, பயம், வெயில் என்று ஏதோ ஒரு காரணத்தால் முயல் சாப்பிடுவதை நிறுத்திவிட்டால் குடலின் அசைவு குறையும். குடலில் வாயு சேரும், வலிக்கும். வலித்தால் இன்னும் சாப்பிடாது. முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. 12 மணி நேரம் சாப்பிடாமலோ புழுக்கை போடாமலோ இருந்தாலே அவசரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாளைத் தாண்டிவிட்டால் காப்பாற்றுவது கடினம்.

முயல் வலியைக் காட்டாமல் மறைக்கும் பிராணி. கத்தாது, முனகாது. மூலையில் போய்க் குறுகி உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். ஆள் இல்லாத வீட்டில் அதை யார் பார்ப்பது? தீனித் தட்டு நிறைந்தே இருப்பதைப் பார்த்து, ‘நிறைய வைத்துவிட்டுப் போனோம், இன்னும் மீதி இருக்கிறது’ என்று திரும்பி வந்தவர்கள் நினைப்பதும் உண்டு. அந்த மீதிதான் நோயின் முதல் அறிகுறி.

எங்களோடு ஊருக்கே அழைத்துப் போய்விட்டால்?

சொந்தக் காரில், ஏசி ஓட, மூன்று நான்கு மணி நேரப் பயணம், போய்ச் சேரும் வீட்டில் அதற்கென்று ஓர் அமைதியான அறை. இப்படி இருந்தால் அழைத்துப் போகலாம். கூடையில் வழுக்காத துணியும் கைநிறைய புல்லும் வையுங்கள். வழியில் நிறுத்தும்போதெல்லாம் தண்ணீரை வாயருகே கொண்டுபோய்க் காட்டுங்கள். நிறுத்திய காருக்குள் ஐந்து நிமிடம்கூட விட்டுவிட்டுப் போகாதீர்கள். கிளம்பும் முன் பட்டினி போடுவதும் வேண்டாம்.

கல்யாண வீடு, திருவிழா வீடு என்றால் என் பதில் வேறு. பத்துக் குழந்தைகள் மாறி மாறித் தூக்குவார்கள். முயலைக் காதைப் பிடித்துத் தூக்கும் பழக்கம் ஊர்ப்பக்கம் இன்னும் இருக்கிறது. பின்னங்கால்களைத் தாங்காமல் தூக்கினால் முயல் உதைத்துத் திமிறும்போது அதன் முதுகெலும்பே முறிந்துவிடலாம். வயதான முயலுக்கு அந்த ஆபத்து இன்னும் கூடுதல். அப்படிப்பட்ட இடத்துக்குக் கொண்டுபோவதைவிட வீட்டில் ஆள் வைத்துவிட்டுப் போவது எவ்வளவோ மேல்.

வீட்டுக்கு ஆளை வரவழைப்பதா, வேறொரு இடத்தில் கொண்டுபோய் விடுவதா?

முயலை வைத்துப் பார்த்துக்கொள்ளும் நானே சொல்கிறேன்: நம்பிக்கையான ஆள் கிடைத்தால் வீட்டிலேயே இருக்கட்டும். கண் மங்கிய முயல் டிரே எங்கே, தண்ணீர்க் கிண்ணம் எங்கே என்று வாசனையையும் பழக்கத்தையும் வைத்துத்தான் நடமாடுகிறது. இடம் மாறினால் அந்தக் கணக்கெல்லாம் போய்விடும்.

ஆனால் ‘ஆள்’ என்றால் காலையில் ஒரு முறை கதவைத் திறந்து தீனி கொட்டிவிட்டுப் போகிறவர் இல்லை. காலையிலும் மாலையிலும் வர வேண்டும், ஒவ்வொரு முறையும் அரை மணி நேரமாவது உட்கார்ந்து முயல் சாப்பிடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். இரவு தங்கவும் செய்தால் ரொம்ப நல்லது. மருந்து குடிக்கும் முயல், சமீபத்தில் உடம்பு சரியில்லாமல் போன முயல், வெயில் கொளுத்தும் மாதம் என்றால் இரண்டு முறை வந்துபோவது போதாது. அப்போது, நாள் முழுக்க ஆள் இருக்கும் வீட்டில் விடுங்கள்.

உறவினரில் யாரைக் கேட்பது என்று குழம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். முயல் வளர்த்த அனுபவம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வீட்டில் கைக்குழந்தைக்கோ முதியவருக்கோ பணிவிடை செய்து பழகியவராக இருந்தால் சீக்கிரம் கற்றுக்கொள்வார். நேரத்துக்கு மருந்து, எவ்வளவு சாப்பிட்டது, மலம் போனதா என்று கேட்டுப் பார்க்கும் பழக்கம் அவரிடம் ஏற்கனவே இருக்கும்.

பக்கத்தில் நாய்களுக்கான போர்டிங் இருக்கிறது. முயலையும் எடுத்துக்கொள்வார்களாம். விடலாமா?

தனி அறை இருக்கிறதா என்று முதலில் நேரில் போய்ப் பாருங்கள். நாய் தெரியவும் கூடாது, அதன் வாசனையும் குரலும் எட்டவும் கூடாது. முயல் இரையாகும் பிராணி. குரைப்புச் சத்தத்தில் விடிய விடிய விறைத்து உட்கார்ந்திருக்கும் கிழ முயல் சாப்பிடாது. சாப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்று மேலே சொன்னேன்.

இன்னோர் ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. நாய்க்கு உண்ணி வராமல் இருக்கத் தடவும், அடிக்கும் மருந்துகளில் ஃபிப்ரோனில் என்ற ரசாயனம் உண்டு. ஃப்ரண்ட்லைன் அந்த வகைதான். நாய்க்குப் பாதுகாப்பான அது முயலின் உயிரையே எடுத்துவிடும். ‘உள்ளே வரும் எல்லாப் பிராணிக்கும் உண்ணி மருந்து அடிப்போம்’ என்று எங்காவது சொன்னால், என் முயலுக்கு அடிக்கக் கூடாது என்று எழுதியே கொடுங்கள். அவர்கள் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

பார்த்துக்கொள்ள முன்வருகிறவரிடம் என்ன கேட்டால் அவருக்கு விஷயம் தெரியும் என்று புரிந்துகொள்ளலாம்?

ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘காலையில் எழுந்து பார்க்கிறீர்கள், டிரேயில் புழுக்கையே இல்லை. என்ன செய்வீர்கள்?’ உடனே டாக்டருக்குப் போன் செய்வேன் என்று சொன்னால் அவர் சரியான ஆள். ‘சாயங்காலம் வரை பார்ப்பேன்’ என்றால் வேண்டாம். அதன் பிறகு அவர் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். தரை வழுவழு டைல்ஸா, வேறு என்ன பிராணிகள் இருக்கின்றன, மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் உண்டா. எறும்புக்குச் சாக்பீஸ் கோடு போடுகிறார்களா, அலமாரியில் அந்துருண்டை போடுகிறார்களா, மாலையில் சாம்பிராணி போடுவார்களா, கொசுவத்தி கொளுத்துவார்களா என்றும் கேளுங்கள். சாக்பீஸும் அந்துருண்டையும் விஷம். புகை, முயலின் மூச்சுக்குழாய்க்கு ஆகாது. இதையெல்லாம் கேட்டால் தவறாக நினைப்பாரோ என்று கூச்சப்படாதீர்கள். நல்லவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கிளம்பும் முன் டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

கட்டாயம். கிளம்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே காட்டுங்கள். ஏதாவது இருந்தால் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். முக்கியமாகக் கடைவாய்ப் பற்களைப் பார்க்கச் சொல்லுங்கள். முயலின் பற்கள் ஆயுள் முழுவதும் வளரும். முன்பற்கள் வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். கடைவாய்ப் பல் ஒழுங்காகத் தேயாவிட்டால் அதன் விளிம்பு கூராகி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. தாடை ஈரமாக இருப்பது, புல்லை விட்டுவிட்டு மெத்தென்ற தீனியை மட்டும் தின்பது, வாயில் எடுத்ததைக் கீழே போடுவது ஆகியவைதான் அடையாளம். கருத்தடை செய்யாத பெண் முயலாக இருந்தால் கருப்பையையும் பார்க்கச் சொல்லுங்கள். 4 வயதுக்கு மேல் அவற்றுக்குக் கருப்பைப் புற்றுநோய் வருவது மிகவும் சகஜம். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

நம் ஊரில் நாய், பூனை பார்க்கும் டாக்டர்கள் எல்லோரும் முயலைப் பார்ப்பதில்லை. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற இடங்களிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. எங்கே போவதாக இருந்தாலும், முயலைப் பார்ப்பவர் எந்த நாளில், எந்த நேரத்தில் இருப்பார் என்பதைப் போனில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பண்டிகை நாளில் யார் இருப்பார் என்பதைத் தனியாகக் கேளுங்கள்.

தீனி என்ன கொடுத்தனுப்ப வேண்டும்?

வீட்டில் தின்பது எதுவோ அதையே, தங்கும் நாட்களுக்குத் தேவையானதைவிட இரண்டு மூன்று நாளைக்கு அதிகமாக. ரயில் தாமதமாகும், விமானம் ரத்தாகும். அதற்காக முயலின் தீனி மாறக் கூடாது.

திமோத்தி ஹே (பாக்கெட்டில் வரும் உலர்ந்த புல்) தின்கிற முயலுக்கு அதே கம்பெனிப் பாக்கெட். பச்சைப்புல் தின்கிற முயலென்றால் எங்கே வாங்குகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். அருகம்புல்லை நன்றாக அலசிக் கொடுக்கலாம், ஆனால் சாலையோரத்தில் பறித்தது வேண்டாம். நாய் சிறுநீர் கழித்திருக்கும், பூச்சிமருந்து பட்டிருக்கும். புல்லுக்குப் பதிலாக வைக்கோல் போடலாமா என்று கேட்கிறார்கள். வைக்கோல் படுக்கைக்கு ஆகும், சாப்பாட்டுக்கு அதில் சத்து போதாது. குதிரைமசால் என்ற தீவனப் பயிரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். மெலிந்துபோன முயலுக்கு டாக்டர் சொன்னால் மட்டும் கொடுக்க வேண்டும். முருங்கைக் கீரை, அகத்திக் கீரையும் அப்படித்தான். முயலின் உடம்பு தீனியிலுள்ள சுண்ணாம்பை நிறைய உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளும். சிறுநீரகம் தளர்ந்த கிழ முயலுக்கு அது சிறுநீர்ப்பையிலேயே சேறாகத் தங்கிவிடும். கொத்தமல்லி, புதினா, கொஞ்சம் முள்ளங்கி இலை போதும். பாசத்தில் பிஸ்கட், சோறு, ஊறவைத்த கொண்டைக்கடலை கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். என்ன கொடுக்கக் கூடாது என்ற பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதி, கூண்டின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.

தண்ணீரைக் கனமான கிண்ணத்தில் வைக்கச் சொல்லுங்கள். கழுத்து வலி உள்ள முயலால் தலையைத் தூக்கிப் பாட்டிலை நக்க முடியாது. 2 கிலோ எடையுள்ள முயல் ஒரு நாளைக்கு 100 முதல் 300 மில்லி வரை குடிக்கும். காலையில் அளந்து ஊற்றினால் எவ்வளவு குறைந்தது என்று தெரிந்துவிடும்.

தினமும் மருந்து கொடுக்க வேண்டும். அடுத்தவரால் முடியுமா?

பழகினால் முடியும். மூட்டுவலிக்குப் பெரும்பாலும் மெலாக்சிகாம் திரவ மருந்துதான் எழுதித் தருகிறார்கள். பாட்டிலைக் குலுக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. எந்தக் கோடு வரை இழுக்க வேண்டும் என்பதை ஊசியில்லாத சிரிஞ்சில் மார்க்கர் பேனாவால் குறித்துக் கொடுங்கள். கிளம்புவதற்கு முன் இரண்டு முறையாவது உங்கள் முன்னாலேயே அவரைக் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். முயலை மடியில் துண்டால் சுற்றி வைத்துக்கொண்டு, முன்பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் பக்கவாட்டாக சிரிஞ்ச் நுனியை நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்த வேண்டும். மல்லாக்கப் போட்டு ஊற்றினால் மருந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சில முயல்கள் நகத்தளவு வாழைப்பழத்தில் மருந்தைத் தடவி நீட்டினால் தாமாகவே நக்கிவிடும். உங்களுடையது அந்த ரகம் என்றால் அதையும் சொல்லுங்கள்.

வீட்டில் இருக்கும் மனித மாத்திரையை அவராக உடைத்துக் கொடுத்துவிடக் கூடாது. நாய்க்கு வாங்கிய மருந்தும் கூடாது. அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கை வாய்வழியாகக் கொடுத்தால் முயலின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து உயிருக்கே ஆபத்தாகும். பிராணிகளைப் பார்த்துப் பழகிய நல்லெண்ணக்காரர்களே இதில் தவறுவதுண்டு, ஆகவே எழுதிக் கொடுங்கள்.

நடக்கவே சிரமப்படுகிறது. தங்கும் இடத்தில் என்ன ஏற்பாடு வேண்டும்?

டைல்ஸ் தரையில் மூட்டுவலி முயலின் பின்னங்கால்கள் விரிந்து வழுக்கும். ஜமுக்காளம், கோரைப்பாய், யோகா மேட் எதையாவது தரை முழுவதும் விரியுங்கள். கோரைப்பாயைக் கொறித்தால் பாதகமில்லை. யோகா மேட்டையும் துணியையும் கடித்து விழுங்குகிற முயலாக இருந்தால் அவை வேண்டாம். டிரேயின் ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டிவிட்டால் ஏறி இறங்கச் சுலபம். வீட்டில் படுத்திருந்த துணியைத் துவைக்காமல் அப்படியே கொடுத்தனுப்புங்கள். சொந்த வாசனை இருந்தால் புது இடத்தில் அதற்குப் பயம் குறையும். கண் தெரியாத முயலென்றால், தொடுவதற்கு முன் குரல் கொடுத்துவிட்டுத் தொட வேண்டும்.

வெயில் காலத்தில் விடலாமா?

தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். வீட்டு முயலின் மூதாதைகள் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்து முயல்கள். வெயில் நேரத்தில் மண்ணுக்கடியில் வளையில் படுத்துக்கொள்கிறவை. அவற்றுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை வெளியே விடும். 28 டிகிரியைத் தாண்டினாலே திணறத் தொடங்கும். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் இருக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி மையத்தில் வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா இன முயல்களை வளர்க்கிறார்கள். அந்தக் குளிரில் சுகமாக இருக்கும் உடல்வாகு அது. சென்னையில் கத்திரி வெயிலில் 40 டிகிரியில் மொட்டைமாடி அறையில் கிடந்தால் தாங்காது.

அறை 24, 25 டிகிரியில் இருக்கட்டும். ஏசிக் காற்று நேராக மேலே படக் கூடாது. மின்சாரம் போகும் நேரத்துக்காக, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில்களை ஃப்ரீசரில் உறைய வைத்திருக்கச் சொல்லுங்கள். துணி சுற்றிப் பக்கத்தில் வைத்தால் முயல் அதன் மேல் சாய்ந்துகொள்ளும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, காது சிவந்து கொதித்தாலோ, காதை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே டாக்டரிடம் ஓட வேண்டும். ஐஸ் தண்ணீரில் முக்கிவிடக் கூடாது.

தீபாவளிக்குப் போகிறோம். பட்டாசுச் சத்தம்?

ஊரில் எல்லா இடத்திலும் வெடிப்பார்கள், தப்பிக்க முடியாது. உள்ளறை, மூடிய ஜன்னல், கனமான திரை, ஓடும் மின்விசிறியின் சத்தம். நுழைந்து ஒளிந்துகொள்ள, இரண்டு பக்கமும் வழி வெட்டிய அட்டைப்பெட்டி. அந்த இரண்டு நாளும் ஆள் வீட்டிலேயே இருக்க வேண்டும். போகியன்று புகைக்கும் இதே ஏற்பாடுதான்.

இரண்டு முயல் இருக்கின்றன. கிழமாக இருப்பதை மட்டும் விட்டுவிட்டு, இன்னொன்றைக் கூட்டிப் போகலாமா?

ஜோடி சேர்ந்தவை என்றால் பிரிக்காதீர்கள். ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்துகொண்டு, ஒட்டிப் படுத்துப் பழகியவை பிரித்தால் வாடிப்போகும். சிலது சாப்பாட்டையே விட்டுவிடும். திரும்பிச் சேர்க்கும்போது சண்டை வரவும் வாய்ப்புண்டு. டாக்டரிடம் போகும்போதும் இரண்டையும் ஒரே கூடையில் கொண்டுபோவதே நல்லது. ஆனால் பார்த்துக்கொள்கிறவரின் சொந்த முயலோடு உங்கள் முயலை ஒரே அறையில் விடச் சம்மதிக்காதீர்கள். முகம் தெரியாத முயல்கள் குதறிக்கொள்ளும்.

பார்த்துக்கொள்கிறவர் தினமும் என்ன செய்ய வேண்டும்?

நான் காலையில் செய்வதைச் சொல்கிறேன். விளக்கைப் போடும் முன்பே பேர் சொல்லிக் கூப்பிடுவேன், திடுக்கிடாமல் இருக்க. ஒரு கொத்து கொத்தமல்லியை மூக்கருகே நீட்டுவேன். பிடித்து இழுத்தால் பாதிக் கவலை விட்டது. முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைய மற்ற வேலைகள் எல்லாம் அப்புறம்தான். சாப்பிடும்போது வாயையே பார்ப்பேன்: இரண்டு பக்கமும் மெல்லுகிறதா, பாதியில் நிறுத்துகிறதா.

பிறகு டிரே. நல்ல புழுக்கை உருண்டையாக, ஒரே அளவில், உடைத்தால் உள்ளே புல் நார் தெரியும். சிறுத்து, கறுத்து, கெட்டியாக இருந்தால் குடல் மெதுவாகிறது என்று பொருள். திராட்சைக் கொத்து மாதிரி ஈரமாகப் பளபளக்கும் இன்னொரு வகை உண்டு. அதை முயல் ஆசனவாயிலிருந்தே நேராகத் தின்றுவிடும், அதில் அதற்குத் தேவையான சத்து இருக்கிறது. முதுகு வளையாத கிழ முயலால் அதை எட்டித் தின்ன முடியாது. அது பின்பக்கத்து முடியில் அப்பிக்கொள்ளும்.

ஆகவே அடுத்த வேலை பின்பக்கம். இதைத் தினம் இரண்டு முறை பார்க்கச் சொல்வேன், நம் ஊர் ஈ அப்படி. அழுக்கும் ஈரமுமாக இருக்கும் இடத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். அந்தப் புழு உயிரோடு சதையைத் தின்னும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, உடனே ஈரம் போக ஒற்றி எடுக்க வேண்டும். முழுதாகக் குளிப்பாட்டவே கூடாது. சிக்கு முடியைப் பிடித்து இழுக்கவும் கூடாது, முயலின் தோல் காகிதத்தைவிட லேசில் கிழியும்.

கடைசியாக எடை. சமையலறைத் தராசில் ஒரு பிளாஸ்டிக் கூடையை வைத்து, அதற்குள் துணி போட்டு முயலை உட்கார வைப்பேன். தினமும் ஒரே நேரத்தில் எடுத்து நோட்டில் எழுத வேண்டும். 2 கிலோ முயலுக்கு 100 கிராம் குறைந்துவிட்டால் உரிமையாளருக்கும் டாக்டருக்கும் சொல்லிவிடுவேன். கண்ணுக்கு எதுவும் தெரியாதபோதே தராசு காட்டிவிடும்.

எதெல்லாம் அவசரம்?

12 மணி நேரம் சாப்பிடாதது அல்லது புழுக்கை போடாதது. குறுகி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடிப்பது (தடவும்போது மெதுவாகப் பல்லை உரசுவது சுகத்தில் செய்வது, அது வேறு). வயிறு உப்பிக் கெட்டியாக இருப்பது. தலை ஒரு பக்கம் சாய்ந்து உருளுவது. சிறுநீர் கழிக்க முக்குவது. புழு. காது சில்லிட்டுப்போய்த் துவண்டு கிடப்பது, இதுதான் எல்லாவற்றிலும் மோசம். முயலின் உடல் வெப்பம் 38.5 முதல் 40 டிகிரி வரை இருக்க வேண்டும். 38க்குக் கீழே இறங்கிவிட்டால் துணியில் சுற்றி, வெதுவெதுப்பான பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

சிறுநீர் ஆரஞ்சாகவோ செம்பழுப்பாகவோ தெரிந்தால் தின்ற இலையின் நிறமாகவும் இருக்கலாம். பயந்துவிடாமல் ஒரு படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள்.

சாப்பிடாத முயலுக்குச் சிரிஞ்சில் கூழ் ஊட்டலாமா என்றால், வயிறு உப்பியிருக்கிறதா என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான். அடைப்பு இருக்கும்போது ஊட்டினால் நிலைமை மோசமாகும்.

எங்களைத் தொடர்புகொள்ள முடியாதபோது முடிவெடுப்பது யார்?

அதைக் கிளம்பும் முன்பே தீர்மானித்து, கையெழுத்துப் போட்ட கடிதமாகக் கொடுங்கள். முயலின் பெயர், வயது, எடை, நோய்கள், மருந்துகள், வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், ‘நான் இல்லாதபோது இவர் சிகிச்சைக்குச் சம்மதம் தரலாம்’ என்ற வரி, எவ்வளவு ரூபாய் வரை என்னைக் கேட்காமலே செலவு செய்யலாம் என்ற வரி. ஒரு தொகையை முன்கூட்டியே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். நடுராத்திரியில் பணத்துக்கு என்ன செய்வது என்ற தயக்கத்தில் போகும் ஒவ்வொரு மணி நேரமும் முயலுக்கு நஷ்டம்.

தினமும் வீடியோ கால் போடலாமா?

தாராளமாக. ஆனால் முயலின் முகத்தைக் காட்டச் சொல்வதோடு டிரேயையும் காட்டச் சொல்லுங்கள். உங்கள் குரலைக் கேட்டு அது தேடுவதாகத் தெரிந்தால் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பாருங்கள்.

முதல் முறை விடுகிறோம். நேராக ஒரு வாரத்துக்கு விடலாமா?

பயணத்துக்குச் சில வாரம் முன்பு ஒரு இரவு விட்டுப் பாருங்கள். நீங்கள் ஊரிலேயே இருக்க வேண்டும், கூப்பிட்டால் ஓடி வரும் தூரத்தில். முதல் நாள் கொஞ்சம் குறைவாகச் சாப்பிடும், மறுநாள் காலை வழக்கத்துக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பாவிட்டால் அந்த முயல் இடம் மாறத் தாங்காது; வீட்டிலேயே ஆள் வைக்கும் ஏற்பாட்டைப் பாருங்கள்.

நாங்கள் இல்லாதபோது செத்துப்போய்விட்டால்?

இந்தக் கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும். 9, 10 வயது முயல் எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் ஒரு நாள் போகும். அது உங்கள் பயண நாளாகவும் இருக்கலாம். பார்த்துக்கொள்கிறவரிடம் மூன்று விஷயங்களை முன்பே பேசிவிடுங்கள்: நிலைமை கைமீறினால் வலியில்லாமல் முடித்துவைக்க டாக்டருக்குச் சம்மதமா, உங்களுக்கு உடனே சொல்ல வேண்டுமா, ஊர் திரும்பிய பிறகா, உடலை என்ன செய்வது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் பெரும்பாலும் அடக்கத்துக்குத் தாங்களும் இருக்க விரும்புவார்கள். அப்படியென்றால், திரும்பி வரும்வரை உடலைக் குளிரில் பாதுகாக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் பேசிவிட்டு விட்டுப்போனவர்களிடம் நான் பார்த்தது, அவர்களுக்கும் மனம் லேசாகிறது, எனக்கும் ஆகிறது. பேசாமல் போனால் இறுதி நேரத்தில் போன் எடுக்காத உரிமையாளருக்காகக் காத்துக்கொண்டு முயல் வலியில் கிடக்கும். அது நடக்கக் கூடாது. கடுமையாக நோயுற்று, இன்னும் சில வாரம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்ட முயலாக இருந்தால், முடிந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கல்யாணத்துக்கு ஒருவர் போய்வரலாம், ஒருவர் வீட்டில் இருக்கலாம். முயலுக்காக வீட்டில் இருந்தேன் என்று சொன்னால் சிரிக்கும் உறவினர்கள் இருக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

திரும்பி வந்து அழைத்துக்கொண்டு போன பிறகு?

வீட்டுக்கு வந்ததும் விருந்து வைக்காதீர்கள். புல்லும் தண்ணீரும் வைத்துவிட்டு, அன்று முழுக்க அதன் பாட்டுக்கு விடுங்கள். முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தால் கோபம் என்று வருந்த வேண்டாம், ஓரிரு நாளில் மடிக்கு வந்துவிடும். பார்த்துக்கொண்டவரின் நோட்டை வாங்கி வந்து கடைசி எடையோடு ஒப்பிட்டு, ஒரு வாரம் தொடர்ந்து எடை பாருங்கள். மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தார் என்று கேட்டு அதே நேரத்திலேயே தொடருங்கள். பயணக் களைப்பில் நீங்கள் தூங்கிப்போகும் முதல் இரவில்தான் அது சாப்பிட்டதா என்று பார்க்காமல் விட்டுப்போகும். படுக்கும் முன் டிரேயை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், காலையில் இன்னொரு தடவை.